பாஸ்வேர்டு சரியாத்தான் போடறேன், கீழ இருக்கற சிஸ்டம் தெறக்க மாட்டேங்குது

மாடி டிசைன் | 2025 அக்டோபர் 24, இரவு 9:12

ஏனுங்க, திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம். மாடில எம்பிராய்டரி டிசைன் போடற சிஸ்டம் ஒண்ணு, கீழ மெஷினுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. ரெண்டும் விண்டோஸ் 11 புரோ, 24எச்2 வெர்ஷன். மாடில முடிக்கற டிஎஸ்டி ஃபைல் (எம்பிராய்டரி மெஷின் படிக்கற டிசைன் ஃபைல்) எல்லாம் கீழ ஷேர் பண்ணி வெச்ச ஃபோல்டருக்குப் போகும். ஆகஸ்ட் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. இப்பத் தெறந்தா யூசர் பேரும் பாஸ்வேர்டும் கேக்குது. சரியாப் போட்டாலும் தப்புங்குது. கடையில கேட்டா ரௌட்டர் பழசு, மாத்தோணும்ங்கறாங்க. மாத்துனா சரியாகுங்களா? பென்டிரைவைத் தூக்கிட்டு படி ஏறி எறங்கியே முட்டி போச்சு.

கிரிம்பிங் டூல் | அக்டோபர் 24, இரவு 9:47

ரௌட்டருக்குக் காசு எடுத்து வெக்காதீங்க. பாஸ்வேர்டு கேக்குதுன்னாலே ரெண்டு சிஸ்டமும் ஒண்ணையொண்ணு பாத்துப் பேசிருச்சு. ரௌட்டரோட வேலை அதோட தீந்துது. இனிமே தகராறு விண்டோஸுக்குள்ள.

ஆனாலும் ஒருக்கா உறுதி பண்ணிக்கலாம். கீழ் சிஸ்டத்துல கமாண்ட் பிராம்ப்ட் தெறந்து ஐபிகான்ஃபிக் அடிங்க. ஐபிவி4 எதுக்க 192.168-ல ஆரம்பிக்கற நம்பர் இருக்கும், குறிச்சுக்குங்க. மாடில பவர்ஷெல் தெறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன், இடம் விட்டு அந்த நம்பர், இடம் விட்டு -போர்ட் 445 (எல்லாம் இங்கிலீசு எழுத்துல). கடைசி வரியில ட்ரூன்னு வந்தா ஷேரிங் போற வழி தெறந்திருக்கு. ஃபால்ஸ்னு வந்தா கீழ் சிஸ்டத்தோட ஃபயர்வால் அடைச்சிருக்கு, இல்லைன்னா அதோட நெட்வொர்க் 'பப்ளிக்'னு இருக்கு. செட்டிங்ஸ்ல நெட்வொர்க் போய் 'பிரைவேட்' ஆக்குங்க. தனியா ஆன்டிவைரஸ் போட்டிருந்தா அதோட ஃபயர்வாலையும் பாருங்க.

பிங் பண்ணிப் பாத்துட்டு 'வரலை'ன்னு எழுதாதீங்க. பிங்கைத் தடுத்துட்டு 445-ஐ விடற சிஸ்டம் ஏராளம். ரெண்டும் வேற வேற வாசல்.

கிரிம்பிங் டூல் | அக்டோபர் 24, இரவு 10:20

பத்துல எட்டுக்கு பாஸ்வேர்டுத் தகராறு இதுவாத்தான் இருக்கும்: மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழையறவங்க தினமும் நாலு நம்பர் பின் அடிப்பாங்க. ஷேரிங்குக்கும் அதே பின்னை அடிப்பாங்க. பின் அந்தந்த சிஸ்டத்துக்கு முன்னாடி உக்காந்தாத்தான் செல்லும், நெட்வொர்க்குல செல்லாது. அங்க ஈமெயில் முகவரியும் அந்த அக்கவுண்டோட முழு பாஸ்வேர்டும் வேணும். அது பாதிப்பேருக்கு மறந்தே போயிருக்கும். பாஸ்வேர்டே வெக்காத அக்கவுண்டும் ஆகாது. பாஸ்வேர்டு காலியா இருந்தா நெட்வொர்க் வழியா விண்டோஸ் உள்ள விடாது.

அதனால கீழ் சிஸ்டத்துல ஷேரிங்குக்குன்னே ஒரு லோக்கல் அக்கவுண்ட் போட்டுருங்க. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட். ஈமெயில் கேக்கும்போது 'இவங்க விவரம் எங்கிட்ட இல்லை'ங்கற வரியை அமுக்கி, அடுத்ததுல 'மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாம'ங்கறதை எடுங்க. பேர் சின்னதா, நடுவுல இடம் விடாம வெங்க. பாஸ்வேர்டு கட்டாயம்.

பொறவு ஃபோல்டர். டெஸ்க்டாப்லயும் டாக்குமென்ட்ஸ்லயும் இருக்கறதை ஷேர் பண்ணாதீங்க. டி டிரைவ்ல தனியா ஒண்ணு போட்டு ப்ராபர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், பர்மிஷன்ஸ். அங்க 'எவ்ரிஒன்' இருந்தா எடுத்துட்டு அந்தப் புது யூசரைச் சேத்து 'சேஞ்ச்' டிக் போடுங்க.

மாடில கன்ட்ரோல் பேனல்ல கிரெடென்ஷியல் மேனேஜர் போய், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்ல கீழ் சிஸ்டம் பேர்லயும் ஐபி பேர்லயும் இருக்கற பழைய பதிவை எல்லாம் அழிங்க. இது இருக்கற வரைக்கும் நீங்க புதுசா என்ன அடிச்சாலும் பழசைத்தான் கொண்டு போய் நீட்டும். ஒருக்கா ரீஸ்டார்ட். அப்புறம் எக்ஸ்ப்ளோரர்ல ரெண்டு பின்சாய்கோடு போட்டு ஐபி நம்பர். யூசர் கேட்டா கீழ் சிஸ்டத்தோட பேர், ஒரு பின்சாய்கோடு, புது யூசர் பேர்.

தறிக்குடோன் | அக்டோபர் 25, காலை 7:05

எதுக்குங்ணா இவ்வளவு சுத்து? அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்ல 'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்'கை ஆஃப் பண்ணுனா முடிஞ்சுது. சோமனூர்ல எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான் ஓடுது. அதுக்கும் கேக்கலைன்னா எஸ்எம்பி1-ங்கற பழைய ஷேரிங் முறையை ஆன் பண்ணுங்க.

கிரிம்பிங் டூல் | அக்டோபர் 25, காலை 8:30

விண்டோஸ் 7 காலத்துல சரிங்க தம்பி. 24எச்2 புரோல பாஸ்வேர்டு இல்லாம கெஸ்டா நுழையறது ஆரம்பத்துலயே அடைச்சு வருது, எஸ்எம்பி கையெழுத்தும் (நடுவுல யாரும் மாத்தலைன்னு காட்டற முத்திரை) கட்டாயம். கெஸ்டுக்குக் கையெழுத்து போட முடியாது. அதனால நீங்க கீழ பாஸ்வேர்டை எடுத்தாலும் மாடி சிஸ்டம் போக மறுத்துரும். பத்து வருசத்துக்கு முந்தின என்ஏஎஸ் பெட்டி (நெட்வொர்க்குல ஃபைல் சேத்து வெக்கறது), ரௌட்டர்ல குத்தின யூஎஸ்பி டிஸ்க் எல்லாம் 24எச்2 வந்ததும் திடீர்னு தெறக்காமப் போனது இதாலதான். ரெஜிஸ்ட்ரில ரெண்டையும் தளத்தலாம். பூட்டு ஒத்துழைக்கலைன்னு கதவையே கழட்டி வெக்கற வேலை அது.

எஸ்எம்பி1 வேண்டவே வேண்டாம். 2017 மே மாசம், ஃபைலைப் பூட்டிக் காசு கேக்கற வான்னாக்ரை பரவுனது அந்த ஓட்டை வழியாத்தான். அதே வருசம் வந்த விண்டோஸ் 10 1709-ல இருந்து புதுசா ஏத்துனா அதோட சர்வர் பாகம் கூட வர்றதே இல்லை. ரெண்டும் விண்டோஸ் 11ங்கும்போது அதுக்கு ஒரு வேலையும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பில ஓடற பழைய சிஎன்சி பெட்டி இருந்தாத்தான் அந்தப் பேச்சு. அப்பவும் அதை இன்டர்நெட் இல்லாத தனி கேபிள்ல வெங்க.

கிரிம்பிங் டூல் | அக்டோபர் 25, காலை 8:41

ராத்திரி ஒண்ணு விட்டுட்டேன். ஷேரிங் பர்மிஷன் மட்டும் பத்தாது. அதே ஃபோல்டர் ப்ராபர்ட்டீஸ்ல 'செக்யூரிட்டி' டேப்லயும் அந்த யூசரைச் சேத்து 'மாடிஃபை' குடுக்கோணும். ரெண்டுல எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஃபோல்டர் தெறக்குது, உள்ள சேவ் பண்ண விடலைன்னா காரணம் இதுதான். பென்டிரைவை ஷேர் பண்ணிட்டு 'செக்யூரிட்டி டேப்பே காணோம்'னு வராதீங்க, எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் டிஸ்க்குல அது இருக்காது.

மாடி டிசைன் | அக்டோபர் 25, இரவு 8:15

வரிசையா எல்லாம் பண்ணிட்டனுங்க. 445 ட்ரூன்னு வருது. லோக்கல் அக்கவுண்ட் போட்டாச்சு, கிரெடென்ஷியல் அழிச்சாச்சு, செக்யூரிட்டி டேப்பும் ஆச்சு. அதே புது யூசர், பாஸ்வேர்டுல கீழ் சிஸ்டத்துல நேரா உக்காந்து நுழைஞ்சா நுழையுது. மாடில இருந்து போட்டா மட்டும் தப்புங்குது. கீழ இருந்து மாடிக்குப் போட்டாலும் அதே கதை.

கிரிம்பிங் டூல் | அக்டோபர் 25, இரவு 8:50

அப்ப பின் இல்லை. என் பத்துல எட்டுல நீங்க அந்த ரெண்டு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மறுக்குதுங்கறது கவனிக்க வேண்டிய சங்கதி. ஒரு பக்கத்துல மட்டும் செட்டிங் தப்புன்னா எதிர்ப்பக்கம் வேலை செஞ்சிருக்கோணும்.

ஒரு சோதனை. போன்ல எஸ்எம்பி தெரிஞ்ச ஃபைல் மேனேஜர் ஏதாவது போட்டு, ஊட்டு வைஃபைல இருந்து அதே ஐபி, அதே யூசர், அதே பாஸ்வேர்டு குடுத்துப் பாருங்க.

மாடி டிசைன் | அக்டோபர் 25, இரவு 9:30

போன்ல தெறக்குதுங்க! டிஎஸ்டி எல்லாம் வரிசையாத் தெரியுது.

கிரிம்பிங் டூல் | அக்டோபர் 25, இரவு 9:38

அப்ப அக்கவுண்ட், பர்மிஷன், ஃபயர்வால் எல்லாம் சுத்தம். இந்த ரெண்டு விண்டோஸுக்கும்தான் ஒத்துக்கலை. ஒரு கேள்வி: ரெண்டு சிஸ்டமும் ஒரே கடை, ஒரே சமயமா?

மாடி டிசைன் | அக்டோபர் 25, இரவு 9:44

ஆமாங்க. ஒரே நாள்ல ரெண்டும் எடுத்தது. டிசைன் சாஃப்ட்வேர் எல்லாம் அவங்களே போட்டுக் குடுத்தாங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க?

டோக்கன் நம்பர் | அக்டோபர் 25, இரவு 10:10

ஈவென்ட் வியூவர் தெறந்து, விண்டோஸ் லாக்ஸ்ல சிஸ்டம் போய், 6167ங்கற எண் தேடுங்க. எல்எஸ்ஏசர்வ் பேர்ல இருந்து, மெஷின் ஐடி பாதி ஒத்துப் போகலைங்கற மாதிரி எழுதியிருந்தா வெவரம் தெரிஞ்சு போச்சு. கோயமுத்தூர்ல சர்வீஸ் பாக்கறவங்க இந்த ரெண்டு மாசமா இதைத்தான் பாத்துட்டு இருக்காங்க.

கிரிம்பிங் டூல் | அக்டோபர் 26, காலை 6:50

டோக்கன் சொன்னதை மனசுல வெச்சுத்தான் நானும் ஒரே கடையான்னு கேட்டேன். முழுசா எழுதறேன், இது இன்னும் பல பேருக்கு வரும்.

விண்டோஸ் ஏத்தும்போது அந்த சிஸ்டத்துக்குன்னு ஒரு எஸ்ஐடி உருவாகும். நீளமான நம்பர். பத்து சிஸ்டம் விக்கற கடைக்காரர் பத்துக்கும் தனித்தனியா ஏத்த மாட்டார். ஒண்ணுல எல்லாத்தையும் போட்டு, அந்த டிஸ்க்கை அப்படியே மத்த ஒன்பதுக்கும் இமேஜ் எடுத்து எறக்கிருவார். காப்பி பண்றதுக்கு முன்னாடி, விண்டோஸ் கூடவே வர்ற சிஸ்ப்ரெப் டூலை ஓட்டி 'ஜெனரலைஸ்' பண்ணியிருந்தா ஒவ்வொண்ணுக்கும் புது நம்பர் விழும். பண்ணலைன்னா பத்துக்கும் ஒரே நம்பர். ரெட்டைப் பிள்ளைங்களுக்கு ஒரே ஆதார் மாதிரி.

2025 ஆகஸ்ட் 29-ல இருந்து வந்த அப்டேட்டுகள்ல 24எச்2, 25எச்2, சர்வர் 2025 மூணும் இந்த நம்பரைப் பாக்க ஆரம்பிச்சிருச்சு. தன் நம்பரையே வெச்சுக்கிட்டு இன்னொரு சிஸ்டம் வந்து நுழையக் கேட்டா மறுத்துரும். ஆனா காரணம் சொல்லாது, பாஸ்வேர்டு தப்புன்னே சொல்லும். ஷேரிங் மட்டுமில்லை, ரிமோட் டெஸ்க்டாப்பும் இதே மாதிரி நிக்கும். உங்க ஆகஸ்ட் கணக்கு அப்படியே பொருந்துது. போன்ல விண்டோஸ் எஸ்ஐடி கிடையாது, அதனால அது தாராளமா உள்ள போச்சு.

பாக்கற வழி: ரெண்டு சிஸ்டத்துலயும் கமாண்ட் பிராம்ப்ட்ல 'ஹூஆம்ஐ'ன்னு சேத்து அடிச்சு, இடம் விட்டு சாய்கோடு யூசர். நான் யாருன்னு சிஸ்டத்துக்கிட்டயே கேக்கற கமாண்டு, சாமியாருங்களுக்கும் உதவும். எஸ்-1-5-21ன்னு ஆரம்பிச்சு, நடுவுல மூணு பெரிய நம்பர், கடைசில 1001 மாதிரி ஒண்ணு. கடைசியை விட்டுருங்க, அது யூசரோடது. நடு மூணும் ரெண்டு சிஸ்டத்துலயும் ஒண்ணா இருந்தா இதுதான்.

தறிக்குடோன் | அக்டோபர் 26, காலை 9:20

எஸ்ஐடி ஒண்ணா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு மைக்ரோசாஃப்ட்ல இருக்கற மார்க் ருசினோவிச்சே எழுதியிருக்காருங்ணா. எஸ்ஐடி மாத்தறதுக்கு அவர் போட்ட நியூசிட் டூலையே தேவையில்லைன்னு எடுத்துட்டாரு.

கிரிம்பிங் டூல் | அக்டோபர் 26, காலை 10:02

எழுதினது 2009. அன்னைக்கு அது சரி. நானும் அதை நம்பி, 'எஸ்ஐடியைப் பத்திக் கவலைப்படாதீங்க'ன்னு நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கேன். அதையெல்லாம் இப்ப வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா அவரு எழுதினப்பவும் சிஸ்ப்ரெப் ஓட்டாத காப்பியை மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கிட்டதில்லை, அந்த வரியை யாரும் படிக்கறதில்லை.

மாடி டிசைன் | அக்டோபர் 26, பகல் 1:15

மூணு நம்பரும் அச்சு அசலா ஒண்ணுங்க. 6167-ம் வரிசையா நிக்குது. இனி என்ன பண்றது?

கிரிம்பிங் டூல் | அக்டோபர் 26, பகல் 2:30

ஏதாவது ஒண்ணுல விண்டோஸைப் புதுசா ஏத்தோணும். ரெண்டுலயும் தேவையில்லை, ஒண்ணு மாறுனாப் போதும். எதுல சாஃப்ட்வேர் கம்மியோ அதை எடுங்க, உங்களுக்குக் கீழ் சிஸ்டம்.

அழிக்கறதுக்கு முன்னாடி: டிஎஸ்டி ஃபோல்டர் வெளி டிஸ்க்குக்கு. டிசைன் சாஃப்ட்வேர் லைசென்ஸ் யூஎஸ்பில குத்தற டாங்கிள்லயா, ஆன்லைன்லயான்னு பாருங்க. ஆன்லைன்னா முதல்ல டீஆக்டிவேட், இல்லைன்னா அந்த லைசென்ஸ் செத்த சிஸ்டத்து பேர்லயே நின்னுக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன்ல 'டிஜிட்டல் லைசென்ஸ்'னு இருந்தா அதே போர்டுல திருப்பி ஏத்தும்போது தானா எடுத்துக்கும். வேற ஏதாவது இருந்தா கடைக்காரர் கிட்ட இப்பவே கேளுங்க. அவர் காசு வாங்கிட்டுப் போட்ட விண்டோஸ் கணக்குல உண்டா இல்லையான்னு அப்பத் தெரியும்.

பொறவு மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து மீடியா கிரியேஷன் டூல், 8 ஜிபி பென்டிரைவ், அதுல பூட் பண்ணி சி டிரைவ் பார்ட்டிஷனை அழிச்சு ஏத்துங்க. 'ரீசெட்'ல ஃபைலை வெச்சுக்கற வழியில போகாதீங்க, பழைய அக்கவுண்ட் எதையும் கூட்டிட்டு வரக்கூடாது.

அப்டேட்டை அன்இன்ஸ்டால் பண்ணலாம்பாங்க. அடுத்த மாசம் அதுவே திரும்பி வரும். எஸ்ஐடியை ஓடற சிஸ்டத்துலயே மாத்தற டூல் விக்கறாங்க, ஊட்டு சிஸ்டத்துக்கு அந்த ரிஸ்க் எடுக்க மாட்டேன். இப்ப ஏத்தியிருக்கற விண்டோஸ்லயே சிஸ்ப்ரெப் ஓட்டலாம், ஆனா ஸ்டோர் ஆப் ஏதாவது ஒண்ணைக் காட்டிப் பாதில நிக்கறது அதுக்குப் பழக்கம். முழு டிஸ்க் இமேஜ் கையில இல்லாம தொடாதீங்க.

அதுவரைக்கும் முட்டிக்கு: லோக்கல்சென்ட் ரெண்டு சிஸ்டத்துலயும் போடுங்க. காசு இல்லை, இன்டர்நெட் வேண்டாம், ஒரே வைஃபைல இருந்தாப் போதும். அது விண்டோஸ் ஷேரிங்கைத் தொடறதே இல்லை, அதனால எஸ்ஐடி குறுக்க வராது.

தேங்கா மண்டி | அக்டோபர் 27, இரவு 7:40

பொள்ளாச்சிங்க. எங்களுக்கு பாஸ்வேர்டே கேக்கறதில்லை. 80070035ன்னு முடியற பிழை, பாதை கிடைக்கலைங்குது. ஆபீஸ் சிஸ்டம் 192.168.1.7, ஊட்ல இருக்கற லேப்டாப் 192.168.0.104. ஊட்ல இருந்து ஆபீஸ் தெறக்குது, ஆபீஸ்ல இருந்து ஊடு தெறக்க மாட்டேங்குது.

கிரிம்பிங் டூல் | அக்டோபர் 27, இரவு 8:25

முதல் நாள் ரௌட்டரைக் குத்தம் சொல்லாதீங்கன்னேன். உங்க ஊட்ல குத்தவாளி அதேதான், ஆனா மாத்த வேண்டாம்.

மூணாவது நம்பர் ஒண்ணுல 1, ஒண்ணுல 0. ஃபைபர் மோடத்துக்குப் பின்னாடி வைஃபை எட்டலைன்னு ரெண்டாவது ரௌட்டர் வாங்கி, அதோட வான் போர்ட்ல (இன்டர்நெட் உள்ள வர்றதுக்குன்னு இருக்கற ஓட்டை) கேபிளைக் குத்தியிருக்காங்க. அது தனக்குன்னு ஒரு தனி நெட்வொர்க் கட்டிக்கிச்சு. உள்ள இருந்து வெளிய போகும், வெளிய இருந்து உள்ள வராது.

ரெண்டாவது ரௌட்டரோட லான் போர்ட்ல (வான் இல்லாத மத்த ஓட்டை) ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு, அதோட செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள போங்க. லான் ஐபியை 192.168.1.2 ஆக்குங்க. ஐபி நம்பர் பங்கிட்டுக் குடுக்கற டிஹெச்சிபியை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் மோடத்துல இருந்து வர்ற கேபிளை வான்ல இருந்து உருவி லான் போர்ட் ஒண்ணுல குத்துங்க. வான் காலியாவே இருக்கட்டும். ஆக்சஸ் பாயின்ட்ங்கற மோடு மெனுல இருந்தா அதை ஒண்ணைப் போட்டாலே இத்தனையும் அதுவே பண்ணிக்கும். லேப்டாப் வைஃபையை ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா 192.168.1-ல நம்பர் வாங்கிக்கும்.

கெஸ்ட் வைஃபைல சேந்திருக்கற லேப்டாப்புக்கும் இதே பிழைதான் வரும். கெஸ்ட்ங்கறதே ஒருத்தரை ஒருத்தர் பாக்கக் கூடாதுன்னு போடறது.

டோக்கன் நம்பர் | அக்டோபர் 27, இரவு 9:00

கூட ஒண்ணு. கரண்ட் போய்ட்டு வந்தா ஐபி மாறிரும், நேத்து போட்ட ஷார்ட்கட் இன்னைக்குப் போகாது. மோடத்துல டிஹெச்சிபி ரிசர்வேஷன் போய், ஷேர் பண்ற சிஸ்டத்தோட மேக் அட்ரஸுக்கு (நெட்வொர்க் கார்டோட சொந்த நம்பர்) ஒரு நம்பரைக் கட்டி வெச்சுருங்க. வைஃபைன்னா அந்த சிஸ்டத்துல 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' ஆஃப்ல இருக்கோணும்.

மாடி டிசைன் | நவம்பர் 2, மாலை 4:10

கீழ புதுசா விண்டோஸ் ஏத்தியாச்சுங்க. எஸ்ஐடி நடு மூணு நம்பரும் இப்ப வேற. முதல் தடவை பாஸ்வேர்டு போட்டதும் தெறந்துருச்சு! ஆக்டிவேஷனும் தானா வந்துருச்சு. ஒரே ஒரு கேள்வி: பேக்கப் 60 ஜிபி கீழ இருந்து மாடிக்குக் காப்பி பண்ணினா செகண்டுக்கு 11 எம்பிக்கு மேல ஏற மாட்டேங்குது. கேபிள்ல தான் இருக்கு, வைஃபை இல்லை.

கிரிம்பிங் டூல் | நவம்பர் 2, மாலை 5:00

டிஎஸ்டி ஃபைல் எல்லாம் சில கிலோபைட் அளவுல இருக்கறது, அதுக்கு 11 எம்பி வேகமே ஏகம். ஆனா பேக்கப்புக்குக் கஷ்டம்தான், 60 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

11-ன்னு சரியா நிக்குதுன்னா லிங்க் 100 மெகாபிட்ல இருக்கு. செட்டிங்ஸ், ஈதர்நெட்ல லிங்க் ஸ்பீடு பாருங்க. 1000 வரோணும்னா கேபிள்ல எட்டு கம்பியும் ரெண்டு முனையிலயும் ஒழுங்காச் சேந்திருக்கோணும். இன்டர்நெட் கனெக்‌ஷன் குடுக்க வர்றவங்க பாதிப்பேர் நாலு கம்பி மட்டும் அடிச்சுட்டுப் போயிருவாங்க, நெட்டுக்கு அது போதும். கனெக்டரைப் பிடிச்சுப் பாத்தா கண்ணாடி மாதிரி உள்ள தெரியும். கொக்கி கீழ பாக்க, இடதுல இருந்து: ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பழுப்புவெள்ளை, பழுப்பு. ரெண்டு முனையிலயும் இதே.

எட்டும் இருந்தும் 100-ன்னா கம்பியை பிளேடுல சொரண்டுங்க. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா செம்பு பூசின அலுமினியம். தூக்கிப் போட்டுட்டு முழுச் செம்பு கேட்5இ வாங்குங்க. நடுவுல இருக்கற ரௌட்டரோட லான் போர்ட்டே 100-ன்னா மட்டும் கேபிளைத் திட்டிப் பிரயோசனமில்லை, 1000 போர்ட் இருக்கற சின்ன சுவிட்ச் ஒண்ணு வெச்சு ரெண்டு சிஸ்டத்தையும் அதுல போடுங்க.

மாடி டிசைன் | நவம்பர் 3, இரவு 9:05

கீழ் முனையில நாலு கம்பிதானுங்க இருந்துச்சு. திருப்பி அடிச்சோம். 108, 110-ன்னு போகுது.

தேங்கா மண்டி | நவம்பர் 4, காலை 7:30

எங்குளுதும் ரௌட்டரை லான்ல குத்தினதும் தெறந்துருச்சு. ஆனா ஊட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல 70 மீட்டர், தோப்பு வழியாக் கேபிள் போகுது. போன ஐப்பசில இடி விழுந்து ரெண்டு பக்கமும் போர்ட் போச்சு. அணிலும் கடிக்குது.

கிரிம்பிங் டூல் | நவம்பர் 4, காலை 8:15

ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல செம்புக் கேபிள் வேண்டாங்க. இடி நேரா விழ வேண்டியதே இல்லை, பக்கத்துத் தென்னைல விழுந்தாலும் அத்தனை நீளக் கம்பில ஏறிரும். ஊட்டுக்கு ஒரு கரண்ட் மீட்டர், ஆபீஸுக்கு ஒரு கரண்ட் மீட்டர்னா எர்த்தும் வேற வேற. ஒரு ஜோடி மீடியா கன்வர்ட்டர் (செம்புக் கேபிளையும் ஃபைபரையும் இணைக்கற பெட்டி) வாங்கி நடுவுல ஃபைபர் இழுத்துருங்க, கேபிள் டிவிக்காரர் போடற அதே டிராப் கேபிள் போதும். அதுல தாங்கறதுக்குன்னு ஒரு இரும்புக் கம்பி கூட வரும். கட்டடத்துக்கு வெளியவே அதை வெட்டி விடுங்க, உள்ள பெட்டி வரைக்கும் கொண்டு வந்தா ஃபைபர் போட்டதே வீண்.

அணிலுக்கு ஃபைபரும் ஒண்ணுதான், செம்பும் ஒண்ணுதான். முக்கால் இஞ்ச் பிவிசி பைப்புக்குள்ள, மண்ணுல ஒன்றரை அடி ஆழம். மரத்துல கட்டாதீங்க.